இரண்டு ஆண்டு எந்த நாளில் தொடங்குகிறது? இலங்கையில் மருத்துவ அலட்சிய வழக்குகளின் காலக்கெடு

இலங்கையில் மருத்துவ அலட்சியத்தால் நேர்ந்த பாதிப்புக்கு நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறவர், வழக்கெழு காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கைத் தொடங்கிவிட வேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு விதிக்கும் கெடு இது. அந்தப் பிரிவில் மருத்துவர் என்ற சொல்லோ வைத்தியசாலை என்ற சொல்லோ கிடையாது. இழப்பு, காயம், சேதம் ஆகியவற்றுக்கான எந்த வழக்கும் இரண்டு ஆண்டுக்குள் தொடங்கப்பட்டிராவிட்டால் செல்லாது என்று மட்டுமே அது சொல்கிறது. லொறி மோதிக் கால் முறிந்தவருக்கும், அயலவரின் மதில் விழுந்து காயப்பட்டவருக்கும், அறுவைக் கூடத்தில் பாதிக்கப்பட்டவருக்கும் ஒரே அளவுகோல்தான்.

மருத்துவத் தவறுகளுக்கென்று தனிச் சட்டம் இலங்கையில் இல்லை. உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின் தீங்கியல் கோட்பாடுகளே இன்றும் இவ்வழக்குகளுக்கு அடித்தளம். மருத்துவருக்குக் கவனம் காட்டும் கடமை இருந்தது, அந்தக் கடமை மீறப்பட்டது, அந்த மீறலே பாதிப்பைக் கொண்டுவந்தது, அதனால் இழப்பு உண்டானது என்ற நான்கையும் வழக்காளி நிரூபிக்க வேண்டும். இந்த நான்குக்கும் முன்பாக நிற்கும் வாசல் காலக்கெடு. கெடு கடந்துவிட்டது என்று தீர்ப்பானால் மற்ற நான்கையும் நீதிமன்றம் திறந்து பார்க்கவே வேண்டியதில்லை.

கெடு எதற்காக?

வழக்குகளுக்கு எல்லை வைப்பதற்குச் சட்டம் மூன்று காரணங்களைச் சொல்லிவந்திருக்கிறது. காலம் போகப் போகச் சாட்சிகளின் நினைவு மங்கும், பதிவேடுகள் அழியும், மருத்துவர்களும் தாதியரும் இடமாற்றம் பெற்றோ ஓய்வு பெற்றோ போய்விடுவர். இருபது ஆண்டுக்கு முன் செய்த சிகிச்சைக்காக ஒருவர் வாழ்நாள் முழுவதும் வழக்குப் பயத்தோடு இருப்பது நியாயமல்ல என்பது இரண்டாவது. உரிமை உள்ளவர் அதைத் தேடி வர வேண்டும், உறங்கிக் கிடப்பவருக்குச் சட்டம் துணை நிற்காது என்பது மூன்றாவது.

மூன்றும் ஏற்கத்தக்கவைதான். ஆனால் மூன்றாவது காரணம் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. தனக்குத் தீங்கு செய்யப்பட்டிருக்கிறது என்று தெரிந்திருந்தும் சும்மா இருந்தவரையே உறங்கியவர் எனலாம். தெரியாதவர் உறங்கவில்லை. மருத்துவ வழக்குகள் மற்ற விபத்து வழக்குகளிலிருந்து பிரிவது இங்கேதான். லொறி மோதியவருக்கு மோதிய கணமே தெரியும். வயிற்றுக்குள் விடப்பட்ட துணியும், தவறாக வாசிக்கப்பட்ட எக்ஸ்ரே படமும் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கக்கூடியவை. எக்ஸ்ரே கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். கட்டளைச் சட்டம் அதற்கு 24 ஆண்டு மூத்தது. மறைந்திருக்கும் மருத்துவத் தீங்கு என்ற ஒன்றை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருக்க வாய்ப்பே இல்லை.

எண்ணத் தொடங்கும் நாள்

வழக்கெழு காரணம் தோன்றிய நாள் எது என்பதே இத்துறையின் மையக் கேள்வி. தீங்கியலில் தவறான செயல் மட்டும் போதாது. அதனால் சேதமும் உண்டாகியிருக்க வேண்டும். இரண்டும் கூடும் நாளிலேயே வழக்குரிமை பிறக்கிறது. நடைமுறையில் ஐந்து வகைச் சூழல்கள் வருகின்றன.

முதலாவது, தவறும் தீங்கும் ஒரே நாளில் வெளிப்படுவது. மாறிய மருந்து ஏற்றப்பட்டு நோயாளி அன்றே பாதிக்கப்பட்டால் அன்றைய திகதியே கணக்கின் தொடக்கம். இதில் சிக்கல் இல்லை.

இரண்டாவது, உடலுக்குள் மறைந்திருப்பது. சத்திர சிகிச்சையில் விடுபட்ட பொருள் மூன்றாம் ஆண்டில் ஸ்கான் படத்தில் தென்பட்டால், கெடு சிகிச்சை நாளிலிருந்தா, தென்பட்ட நாளிலிருந்தா? 9ஆம் பிரிவின் வாசகம் காரணம் தோன்றிய நேரத்தைப் பேசுகிறதே தவிர, பாதிக்கப்பட்டவர் அறிந்த நேரத்தைப் பேசவில்லை. எனவே வழக்காளியின் சட்டத்தரணி, சேதம் உண்மையில் எப்போது உருவானது என்பதை மருத்துவச் சான்று கொண்டு பின்னுக்கு நகர்த்த முயல்வார். எதிர்த்தரப்பு அறுவை நாளைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, நோயைத் தவறாக இனங்காணுவது. புற்றுநோயை வேறு நோய் என்று சொல்லி ஓராண்டு மருந்து கொடுத்திருந்தால், முதல் தவறான முடிவு ஒரு நாளில் நடந்தது. நோய் கைமீறியது இன்னொரு நாளில். குடும்பத்துக்குத் தெரிந்தது வேறொரு நாளில். மூன்றில் எதை எடுப்பது என்பதில் வழக்கின் உயிர் இருக்கிறது.

நான்காவது, தொடர் சிகிச்சை. அம்பாறை மாவட்டக் கரையோரத்தின் வடகோடியில், மட்டக்களப்பு மாவட்ட எல்லையோடு ஒட்டியிருக்கும் பெரியநீலாவணையில் ஒருவர் நோய்ப்பட்டால், தெற்கே கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை, அதற்கும் அப்பால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை என்று பல இடங்களுக்கு அனுப்பப்படலாம். இடையில் மாலை நேரத்தில் தனியார் நிலையத்தில் சனல் பண்ணி விசேட வைத்தியரைக் காண்பதும் இக்கரையின் வழக்கம். ஒரே நோயாளியின் வரலாறு பல பதிவேடுகளில் சிதறிக் கிடக்கும்போது, தவறு எந்த இடத்தில், எந்த நாளில் நடந்தது என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வியாகிவிடுகிறது. கிளினிக் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பதால் கெடு நிற்கும் என்று கட்டளைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

ஐந்தாவது, மரணம். சிகிச்சை ஒரு நாளிலும் மரணம் பல மாதம் கழித்தும் நேர்வதுண்டு. கொழும்பில் 2022 டிசம்பரில், பாதிக்கப்பட்ட ஒரு சிறுநீரகத்தை அகற்றுவதற்கென்று சத்திர சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்ட மூன்று வயதுக் குழந்தை இரண்டு சிறுநீரகங்களையும் இழந்து, 2023 ஜூலையில் உயிரிழந்தது நாடெங்கும் பேசப்பட்டது. இத்தகைய நிகழ்வில் சத்திர சிகிச்சையிலிருந்து எண்ணினால் இரண்டு ஆண்டு 2024 டிசம்பரில் முடியும். மரணத்திலிருந்து எண்ணினால் 2025 ஜூலை வரை போகும். மரணத்தால் குடும்பத்தாருக்கு எழும் கோரிக்கை மரண நாளிலேயே பிறக்கிறது என்று வாதிட இடமுண்டு. என்றாலும் விவேகமான சட்டத்தரணி முந்திய திகதியையே கணக்கில் வைப்பார்.

ஒரே நிகழ்வு, பல கடிகாரங்கள்

நட்டஈட்டு வழக்கு ஒரு வழி மட்டுமே. ஒரே சம்பவத்திலிருந்து வேறு வழிகளும் திறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு உண்டு.

தனியார் வைத்தியசாலையில் காசு கட்டிச் சிகிச்சை பெறும்போது நோயாளிக்கும் நிறுவனத்துக்கும் இடையில் ஒப்பந்தம் ஒன்று உருவாகிறது. ஒப்பந்த மீறல் என்று வழக்கு வைத்தால், கட்டளைச் சட்டத்தின்படி எழுத்திலில்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டும் எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டும் கெடு. இரண்டு ஆண்டு கடந்துவிட்ட வழக்காளிகள் ஒப்பந்த வழியை நாடுவதற்கு இதுவே காரணம். ஆனால் சிகிச்சைக்கு முன் கையொப்பமிடும் சம்மதப் படிவம் தானாகவே எழுத்திலான ஒப்பந்தம் ஆகிவிடாது. வழக்குக்கு என்ன பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பதைவிட அதன் உள்ளடக்கம் என்ன என்பதையே நீதிமன்றம் பார்க்கும். அரச வைத்தியசாலையின் இலவசச் சிகிச்சைக்கு இந்த வழி எளிதில் பொருந்தாது.

மிகக் குறுகிய கெடு அடிப்படை உரிமை மனுவுக்கு உரியது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டுமே இந்த மனு செல்லும். ஆகவே அரச வைத்தியசாலைகளுக்கு இது பொருந்தலாம், தனியாருக்குப் பொருந்தாது. திணைக்கள விசாரணை நடக்கிறது, அறிக்கை வரட்டும் என்று காத்திருப்பது இந்த ஒரு மாதத்தை நீட்டாது; வேறு நிவாரணங்களைத் தேடிக்கொண்டிருந்தது தாமதத்துக்குச் சாட்டாகாது என்பதைக் கமஏத்திகே எதிர் சிறிவர்தன வழக்கில் 1988இல் உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. ஒரு விலக்கு மட்டும் சட்டத்திலேயே உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்துப் பற்றுச்சீட்டை வைத்திருப்பது போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். ஆணைக்குழுவுக்குக் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருப்பதால், இக்கரையோர மக்கள் கொழும்புக்குப் போகாமலே இந்த முதல் அடியை எடுத்துவைக்கலாம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருள் விற்பனை அல்லது சேவை வழங்கல் பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கேட்கிறது. இந்தியாவில் நுகர்வோர் சட்டம் மருத்துவ வழக்குகளின் பெருவழியானதுபோல இலங்கையில் ஆகவில்லை.

குற்றவியல் வழியில் கெடு மிக நீண்டது. தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கண்மூடித்தனமான அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவிப்பதைக் குற்றமாக்கி, ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமளிக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, கொலையும் அரச துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை 20 ஆண்டில் அற்றுப்போகும். குற்றவியலில் நிரூபிக்க வேண்டிய அளவு நட்டஈட்டு வழக்கைவிடப் பெரிது என்பதால், நீண்ட கெடு இருப்பது வெற்றிக்கு உத்தரவாதமல்ல.

இலங்கை மருத்துவ சபைக்குச் செய்யும் முறைப்பாடு வேறு வகை. சபை மருத்துவரின் பதிவையும் தொழில் ஒழுக்கத்தையும் பற்றியே தீர்மானிக்கும். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்காது.

இவற்றில் எந்த ஒரு வழியில் நடப்பதும் இன்னொரு வழியின் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டோம், அமைச்சு விசாரிக்கிறது, நீதவான் முன்னிலையில் வழக்கு நடக்கிறது என்று எண்ணிக் குடும்பங்கள் அமைதியாக இருந்துவிடுகின்றன. அந்த அமைதியிலேயே இரண்டு ஆண்டு கரைந்துபோகிறது.

அரச வைத்தியசாலை என்றால் ஒரு மாதம் முன்னதாக

இலங்கையில் உள்நோயாளர் சிகிச்சையின் பெரும்பகுதி அரச வைத்தியசாலைகளிலேயே நடக்கிறது. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், அரச ஊழியர் கடமையின்போது இழைக்கும் தீங்குக்கு அரசைப் பொறுப்பாளியாக்கியது. அரசுக்கு எதிரான வழக்கு சட்டமா அதிபரின் பெயரில் வைக்கப்படும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவு இங்கே ஒரு முன்நிபந்தனை வைக்கிறது. சட்டமா அதிபருக்கோ, உத்தியோக ரீதியான செயலுக்காக அரச உத்தியோகத்தர் ஒருவருக்கோ எதிராக வழக்கு வைக்குமுன் எழுத்திலான அறிவித்தல் கொடுத்து, ஒரு மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். வழக்கெழு காரணம், வழக்காளியின் பெயர், வதிவிடம், கோரும் நிவாரணம் ஆகியவை அறிவித்தலில் இருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டின் கடைசி வாரத்தில் சட்டத்தரணியைத் தேடி வருபவருக்கு இந்த ஒரு மாதம் பொறியாகிவிடும். அறிவித்தல் இல்லாமல் வழக்கு வைத்தால் அந்தக் குறையால் தள்ளுபடியாகலாம். அறிவித்தல் கொடுத்துக் காத்திருந்தால் கெடு கடந்துவிடலாம். எனவே அரச வைத்தியசாலை சம்பந்தப்பட்ட விடயத்தில் பாதுகாப்பான கணக்கு 24 மாதமல்ல, 23 மாதத்துக்கும் உட்பட்டது.

யாரைப் பிரதிவாதியாக்குவது என்பதும் காலத்தோடு பின்னியது. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின் பின், போதனா வைத்தியசாலைகளும் விசேட நோக்கத்துக்கான வைத்தியசாலைகளும் மத்திய அரசிடம் நின்றன. ஏனைய வைத்தியசாலைகள் மாகாண சபைப் பொருளாயின. நோயாளி இரண்டு நிர்வாகங்களையும் கடந்து போயிருந்தால், சம்பவ நாளில் எந்த வைத்தியசாலை எந்த நிர்வாகத்தின் கீழ் இருந்தது என்பதை உறுதிசெய்துகொண்டே அறிவித்தல் எழுத வேண்டும். தவறானவர்மேல் வழக்கு வைத்து, உண்மையான பொறுப்பாளியை இரண்டு ஆண்டுக்குப் பிறகு சேர்க்க முயன்றால், அவருக்கு எதிரான கோரிக்கை காலங்கடந்தது என்ற ஆட்சேபனை எழும்.

காலங்கடந்தது என்ற வாதத்தை எதிர்த்தரப்புத் தன் மறுமொழியில் எடுத்துரைக்க வேண்டும். நீதிமன்றம் தானாக எழுப்புவதில்லை. மறுபுறத்தில், வழக்குக் கெடுவைத் தாண்டியிருந்தால், விலக்குக் கோருவதற்கான காரணத்தை வழக்காளி தன் வழக்குரையிலேயே காட்ட வேண்டும் என்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை கேட்கிறது.

சிறுவர், சித்தசுவாதீனமற்றோர், கடல் கடந்தோர்

கட்டளைச் சட்டம் சிலரை இயலாமை உடையோராகக் கொண்டு கெடுவைத் தள்ளிவைக்கிறது. பராயமடையாதோர், சித்தசுவாதீனமற்றோர், கடல் கடந்து இருப்போர் ஆகியோர் அப்பட்டியலில் உள்ளனர். வழக்குரிமை பிறந்த நேரத்தில் அந்த இயலாமை இருந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். கெடு ஓடத் தொடங்கிய பிறகு வரும் இயலாமைக்கு அதே பாதுகாப்புக் கிடைப்பதில்லை.

பிரசவத்தின்போது மூளைக்கு ஒட்சிசன் குறைந்து பாதிக்கப்பட்ட குழந்தை இதற்கு நேரடி உதாரணம். 1989ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின் பராய வயது 18 ஆனது. ஆகவே குழந்தையின் சொந்தக் கோரிக்கைக்கு நீண்ட அவகாசம் உண்டு. யாழ்ப்பாணத்தில் 2023 செப்டெம்பரில், சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுமியின் கை மணிக்கட்டின் கீழ் துண்டிக்கப்பட வேண்டிவந்த துயரத்திலும் இதே கேள்வி பொருந்தும். ஆனால் பெற்றோர் செலவிட்ட மருத்துவச் செலவு அவர்களுடைய சொந்தக் கோரிக்கை. அதற்குப் பிள்ளையின் வயது அவகாசம் தராது. பிள்ளைக்கு அவகாசம் இருக்கிறது என்பதற்காகக் காத்திருப்பதும் புத்தியல்ல. சட்டம் கெடுவை நிறுத்திவைக்கலாம்; பதிவேடு கிழிவதையும் சாட்சி இறப்பதையும் நிறுத்திவைக்காது. பராயமடையாதவருக்காக உற்ற துணைவர் ஒருவர் உடனே வழக்கு வைக்கவும் வழியுண்டு.

கடல் கடந்திருத்தல் என்ற விலக்குக் கப்பல் பயணம் மாதக்கணக்கில் நீண்ட காலத்தில் எழுதப்பட்டது. இன்று அதன் பொருத்தம் வேறு. கல்முனை, மருதமுனை, பெரியநீலாவணை போன்ற ஊர்களிலிருந்து கட்டார், சவூதி அரேபியா முதலிய நாடுகளில் உழைப்பவர் பலர். ஊரில் மனைவியோ பெற்றோரோ தவறான சிகிச்சையால் இறந்தபோது வெளிநாட்டில் இருந்தவருக்கு இந்த விலக்குப் பற்றிக் கேட்க இடமுண்டு. ஆனால் அது வெளிநாட்டில் இருந்தவருடைய கோரிக்கைக்கு மட்டுமே. ஊரிலிருந்த மற்ற உறவினரின் கெடு வழமைபோல் ஓடும்.

போரினால் நீதிமன்றம் போக முடியாதிருந்தோருக்கென 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் காலவிதிப்புக் கணக்கிலிருந்து விலக்க அது வழிசெய்தது. கிழக்கில் அச்சட்டம் பரவலாக அறியப்பட்டதால், எல்லா வழக்குக்கும் அது பொருந்தும் என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. அது காணி போன்ற அசையா ஆதனத்தை மீட்கும் வழக்குகளுக்கானது. உடற் காயத்துக்கான நட்டஈட்டுக்குப் பொருந்தாது.

மரணம் நேர்ந்த வழக்குகளும் சான்றும்

இலங்கையின் மருத்துவ அலட்சியச் சட்டத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது பேராசிரியர் பிரியாணி சொய்சா எதிர் ரியென்சி அரசகுலரத்ன வழக்கு. 1992இல் இறந்த சிறுமியின் தந்தை, மூளைத் தண்டுக் கட்டியைச் சிறுவர் நோய் நிபுணர் இனங்காணத் தவறினார் என்று வழக்கு வைத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. உயர் நீதிமன்றம் 2001இல் வழக்கையே தள்ளுபடி செய்தது. தவறுக்கும் மரணத்துக்கும் இடையிலான காரணத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பதும், பிள்ளையை இழந்த மனத்துயருக்குத் தீங்கியல் சட்டம் நட்டஈடு தருவதில்லை என்பதும் அதன் அடிப்படைகள். இந்த இரண்டாவது குறையை 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க, ஆளொருவரின் மரணத்துக்கு நட்டஈடு அறவிடும் சட்டம் பெரிதும் நீக்கியது.

இறந்தவர் உயிரோடு பட்ட நோவுக்கும் வேதனைக்குமான கோரிக்கை, உரோமன் ஒல்லாந்தச் சட்டப்படி, பொதுவாக அவரோடு முடிந்துவிடுகிறது. அவர் உயிருடன் இருக்கும்போதே வழக்குத் தொடங்கி உரிய கட்டத்தை எட்டியிருந்தாலே அது வாரிசுக்குக் கடக்கும். கடும் நோயில் இருப்பவரின் வழக்கில், எழுதப்பட்ட இரண்டு ஆண்டைவிடக் குறுகிய இன்னொரு கெடு இப்படி மறைமுகமாக நிற்கிறது.

பிரியாணி சொய்சா வழக்குக் காட்டும் பாடம், காரணத் தொடர்புச் சான்றில்தான் வழக்குகள் விழுகின்றன என்பது. அந்தச் சான்றுக்குரிய காலம் ஆண்டுக் கணக்கிலல்ல, மணிக் கணக்கிலேயே அளக்கப்படுகிறது. கரையோர முஸ்லிம் ஊர்களில் ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்வது மார்க்கக் கடமை. திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் பிரேத பரிசோதனை வேண்டாம் என்று உறவினர் கேட்டுக்கொள்வதும், மரணத்தில் சந்தேகம் எழுப்பப்படாவிட்டால் உடல் விரைவாகக் கையளிக்கப்படுவதும் உண்டு. வாரங்கள் கழித்துச் சந்தேகம் எழும்போது, நீதவானின் உத்தரவோடு கபுறைத் தோண்டிப் பரிசோதிப்பதே மிஞ்சும் வழி. அதற்குள் திசுக்களும் மருந்தின் எச்சமும் அழிந்திருக்கலாம்; குடும்பத்துக்கு அது இரண்டாவது துயரமும் ஆகும். சிகிச்சையில் உண்மையான ஐயம் இருக்குமானால் அதை மரணம் நேர்ந்த அன்றே விசாரணை அதிகாரியிடம் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேட்பதே பின்னால் வரும் எல்லாக் கெடுக்களையும்விட முக்கியமானது.

எழுத்துச் சான்றில் முதலிடம் பி.எச்.ரி. என்று வைத்தியசாலை ஊழியர் சொல்லும் உள்நோயாளர் பதிவேட்டுக்கு. வீடு திரும்பும்போது நோயாளி கையில் கிடைப்பது டயக்னோசிஸ் கார்ட் மட்டுமே. மணிக்கு மணி நடந்தது பி.எச்.ரி.யில் இருக்கிறது, அது வைத்தியசாலையில் தங்கிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச வைத்தியசாலையிடம் அதன் பிரதியைக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு என்று படிகள் உண்டு. மருத்துவப் பதிவைப் பிறர் கேட்டால் மறுக்க அச்சட்டம் இடமளிப்பதால், நோயாளியே கேட்பது அல்லது அவரது எழுத்துச் சம்மதத்தோடு கேட்பது எளிது. எல்லாப் படிகளையும் ஏறி இறங்கவும், பிறகு இன்னொரு விசேட வைத்தியரிடம் அபிப்பிராயம் பெறவும் பல மாதங்கள் பிடிக்கலாம். சக மருத்துவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முன்வருவோர் குறைவு என்பதால் அபிப்பிராயத்துக்கே அதிக காலம் செலவாகிறது. இவையெல்லாம் இரண்டு ஆண்டுக்குள்ளேதான் அடங்க வேண்டும்.

பிற நாடுகள் சென்ற வழி

இங்கிலாந்தும் ஒருகாலத்தில் இதே இடத்தில் நின்றது. சிலிக்காத் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளரின் வழக்கான கார்ட்லெட்ஜ் எதிர் ஜொப்ளிங்கில், பாதிக்கப்பட்டவர் அறிந்திருக்க முடியாவிட்டாலும் கெடு சேதம் உண்டான நாளிலிருந்தே ஓடும் என்று 1963இல் பிரபுக்கள் சபை வேண்டா வெறுப்பாகத் தீர்ப்பளித்தது. அந்த அநீதியை நீக்க அதே ஆண்டிலேயே பாராளுமன்றம் சட்டமியற்றியது. இன்று அங்குள்ள 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், சம்பவ நாள் அல்லது அறிந்த நாள், எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று ஆண்டு தருகிறது. அதைத் தாண்டினாலும் நியாயம் கருதி அனுமதிக்க நீதிபதிக்கு விருப்பதிகாரம் உண்டு.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா தீர்ப்புக்குப் பின், காசு பெற்றுச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வந்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவும் இரண்டு ஆண்டையே விதிக்கிறது. ஆனால் தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. அறிந்த நாள் விதியின் எல்லையை ஸ்ரீகண்டே வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்தது. 1993இல் பித்தப்பை அறுவையின்போது வயிற்றில் விடப்பட்ட துணி 2002இல் இரண்டாம் அறுவையில் எடுக்கப்பட்டது. முறைப்பாடு 2004இல் வந்தது. அறிந்த நாளிலிருந்து எண்ணும் கோட்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஒன்பது ஆண்டு வலியோடு இருந்த நோயாளி, தாமே ஒரு தாதியாக இருந்தும், அறுவை செய்த மருத்துவரை மீண்டும் அணுகவில்லை என்பதைக் காட்டி முறைப்பாட்டை நிராகரித்தது. அறியக்கூடியதை அறிய முயலாதவருக்கு அவ்விதி உதவாது என்பது அதன் சாரம்.

இலங்கையைப் போலவே உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தில் வேரூன்றிய தென்னாபிரிக்காவின் அனுபவம் இன்னும் நெருக்கமானது. அந்நாட்டின் 1969ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று ஆண்டு தந்து, பொறுப்பாளி யார் என்பதும் கோரிக்கைக்கு அடிப்படையான உண்மைகளும் தெரியும்வரை கெடு ஓடாது என்கிறது. பெருவிரல் மூட்டு விலகிய ஒருவருக்குப் போட்ட மாவுக்கட்டுச் சம்பந்தமான லிங்க்ஸ் வழக்கில், விரல் போனது தெரிந்திருந்தாலும் அது ஏன் போனது என்பதை மருத்துவ அறிவில்லாத நோயாளி உடனே அறிந்திருக்க முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

ஈழத் தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இரு தரப்புக்கும் நடுவே கோடு போட்டிருக்கிறது. அங்கே கெடு அறிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு; எப்படியாயினும் சம்பவத்திலிருந்து 15 ஆண்டுக்கு மேல் பொதுவாகப் போக முடியாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மருத்துவர் பக்கம் சற்றுச் சாய்ந்தது: பாதிப்பிலிருந்து மூன்று ஆண்டு அல்லது அறிந்ததிலிருந்து ஓராண்டு, எது முந்துகிறதோ அது, உடலில் விடப்பட்ட பொருள் போன்றவற்றுக்கு விலக்கு.

இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அறிந்த நாள் கணக்கில் வர வேண்டும் என்பதை ஏதோ ஒரு வடிவில், சட்டத்தாலோ தீர்ப்பாலோ, அவை ஏற்றுக்கொண்டுவிட்டன.

தேவையான திருத்தம்

இலங்கைக்கு வேண்டியது கெடுவை நீக்குவதல்ல. தொடக்க நாளைத் திருத்துவது. இரண்டு ஆண்டு என்ற அளவு தன்னளவில் கொடியதல்ல; இந்தியாவிலும் ஒன்ராறியோவிலும் அதே அளவுதான். பாதிக்கப்பட்டவர் தீங்கையும் அதற்கான காரணத்தையும் அறிந்த அல்லது நியாயமான முயற்சியோடு அறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்று 9ஆம் பிரிவைத் திருத்தினால் மறைந்த தீங்குக்கு வழி பிறக்கும். அதோடு ஒரு நீண்ட வெளி எல்லையும் வைத்தால் மருத்துவருக்கும் நியாயம் கிடைக்கும். 461ஆம் பிரிவின் அறிவித்தல் மாதத்தைக் கெடுவிலிருந்து விலக்குவதும், பி.எச்.ரி. பிரதியைக் கேட்டவுடன் நோயாளிக்குக் கொடுப்பதைக் கட்டாயமாக்குவதும் சிறிய, ஆனால் உடனே செய்யக்கூடிய மாற்றங்கள்.

அத்திருத்தம் வரும்வரை 1871ஆம் ஆண்டின் வாசகமே சட்டம். எனவே சிகிச்சையில் தவறு நடந்ததென நம்புகிறவர்கள், முதல் மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவையோ உயர் நீதிமன்றத்தையோ நாடுவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டும்; முதல் ஆறு மாதத்துக்குள் பதிவேட்டின் பிரதியையும் இன்னொரு வைத்தியரின் அபிப்பிராயத்தையும் பெற முயல வேண்டும்; பணவசதி இல்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். அரச வைத்தியசாலை என்றால், சம்பவம் நடந்த முந்திய திகதியிலிருந்து எண்ணி, இருபத்து மூன்றாம் மாதம் முடியுமுன் சட்டமா அதிபருக்கான அறிவித்தல் கையளிக்கப்பட்டிருக்க வேண்டும்.